செம்பு சரி, மீதியை என்ன செய்வது?

ஸ்பெயினின் தென்மேற்கு மூலையில் ரியோ டின்டோ என்று ஓர் ஆறு ஓடுகிறது. சாயமேறிய ஆறு என்று பெயருக்குப் பொருள். தண்ணீர் உறைந்த ரத்தத்தின் நிறம். கரையோரக் கற்களில் மஞ்சளும் காவியுமாக அப்பிக் கிடக்கும். எலுமிச்சைச் சாற்றுக்கு ஈடான புளிப்பு, மீன் பிழைக்காது. சுமார் நூறு கிலோமீட்டர் இப்படியே ஓடி வெல்வா துறைமுகத்தருகே கடலில் சேர்கிறது.

ஆற்றின் தலைமாட்டில் செம்புச் சுரங்கங்கள் இருப்பதால் இந்தச் சிவப்பும் செம்பினுடையது என்று நினைத்துவிடுகிறோம். அது இரும்பு. புளிப்பு கந்தகத்திலிருந்து வந்தது. மனிதர்கள் அந்த மலையில் ஐயாயிரம் ஆண்டுகளாகச் செம்புக்காகவும் வெள்ளிக்காகவும் தோண்டினார்கள்; தோண்டிய கல்லில் பெரும்பங்காக இருந்த இரும்பையும் கந்தகத்தையும் யாரும் கேட்கவில்லை. மழையும் காற்றும் தாமாகவே செய்துகொண்டிருந்த வேலையைச் சுரங்கம் பல மடங்காக்கிவிட்டது.

கலப்புச் சல்பைடு தாதுக்களிலிருந்து செம்பு எடுப்பதைப் பற்றி எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் செம்பு எப்படிக் கிடைக்கிறது என்பதுதான் இருக்கும். என் எண்ணத்தில் கதையின் சிக்கலான பாதி அதுவல்ல. செம்பைப் பிரித்துவிடலாம். கூட வந்த மற்றவர்களை எங்கே அனுப்புவது என்பதில்தான் இருநூறு வருட உழைப்பும் சண்டையும் இருக்கின்றன. அதற்கு இந்த வெல்வா மலைகளை விட நல்ல உதாரணம் கிடையாது.

கல்லுக்குள் ஒரு கூட்டணி

முதலில் கல்லைப் பார்ப்போம். சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் கடலடி. பூமிக்குள்ளிருந்து கொதிக்கக் கொதிக்க வந்த உப்புநீர் பாறைகளிலிருந்த உலோகங்களைக் கரைத்துக்கொண்டு மேலே ஏறியது. குளிர்ந்த கடல்நீரைத் தொட்டதும் சட்டென்று எல்லாவற்றையும் கந்தகத்தோடு சேர்த்துக் கொட்டிவிட்டது. உலோகமும் கந்தகமும் சேர்ந்த சேர்மம்தான் சல்பைடு. செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்தது சால்கோபைரைட். ஈயமும் கந்தகமும் கலீனா. துத்தநாகமும் கந்தகமும் ஸ்பேலரைட். வெறும் இரும்பும் கந்தகமும் பைரைட். ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கடுக்காகப் படிந்திருந்தால் வேலை சுலபம். அவசர அவசரமாக ஒன்றாகவே விழுந்ததால் மணலளவும் மாவளவுமாக ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடக்கின்றன.

வெல்வா வட்டாரத்துக் கல்லில் நூறு கிலோ எடுத்தால் எண்பது, தொண்ணூறு கிலோ இரும்பும் கந்தகமும்தான். செம்பு ஒரு கிலோ தேறினால் நல்ல கல். ஓரிரு கிலோ துத்தநாகம், அதைவிடக் கொஞ்சம் குறைய ஈயம், சில கிராம் வெள்ளி, கண்ணுக்குத் தெரியாத தங்கம், வேண்டவே வேண்டாத ஆர்செனிக். இதே கூட்டணி பழைய தென்னாற்காட்டு மாமண்டூரிலும், குஜராத்தின் அம்பாஜியிலும், சிக்கிமின் ரங்போவிலும் உண்டு, அளவுதான் சிறிது.

இங்கே ஒரு சொல் விளக்கம். நான் ஈயம் என்று சொல்வது காரீயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் செய்தது. அது வேறு உலோகம். தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் புழங்குவதால் சொல்லி வைக்கிறேன். காரீயத்தில் ரசம் வைத்தால் நரம்பு கெடும்.

புகை போன தூரம்

நிலமட்டத்துக்கு அருகே இருந்த மேல்கல் லட்சக்கணக்கான ஆண்டுகள் மழையிலும் காற்றிலும் கிடந்து, கந்தகம் கழன்று, துருப்பாறையாக மாறியிருந்தது. அதற்கும் கீழே இருக்கும் சல்பைடு கல்லுக்கும் நடுவில் மஞ்சள் மண்போல ஓர் அடுக்கு. அதில் ஜரோசைட் என்னும் கனிமமும் அதோடு வெள்ளியும் சேர்ந்திருந்தன. ஃபினீசியர்களும் ரோமானியர்களும் முக்கியமாக அந்த மஞ்சள் மண்ணைத்தான் தேடினார்கள். ஜரோசைட் என்ற பெயரை மறந்துவிடாதீர்கள், பிறகு திரும்பி வரும்.

ரோமானியர் உருக்கிய உலைகளின் புகை எவ்வளவு தூரம் போனது என்பதற்குச் சாட்சி கிரீன்லாந்தில் இருக்கிறது. அங்கே ஆண்டாண்டாகப் படிந்த பனியைத் துளைத்து எடுத்து, அந்தக் காலத்து அடுக்குகளில் இருந்த ஈயத்தை ஆய்ந்தபோது, அதில் பெரும்பகுதி ரியோ டின்டோ வட்டாரத்து ஈயத்தின் கைரேகையோடு ஒத்துப்போனது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய உலைப்புகை, ஆளில்லாத பனிப்பரப்பில்.

1873-ல் ஸ்பெயின் அரசு இந்தச் சுரங்கத்தை விற்றது. லண்டன் மூலதனத்தோடு வந்த கம்பெனி ரயில்பாதை போட்டது, வெல்வாவில் கப்பல் துறை கட்டியது, மலையையே கிண்ணம்போலக் குடைந்தது. அதன் ஊழியர்களால் ஊருக்குள் கால்பந்தும் வந்தது. ஸ்பெயினின் மிகப் பழைய கால்பந்துக் கழகம் இன்றும் வெல்வாவில்தான் இருக்கிறது. கம்பெனிக்கு அந்தக் கல்லில் இரண்டு வியாபாரம். ஒரு பங்கை அப்படியே பிரிட்டனுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே கந்தக அமில ஆலைகளுக்கு பைரைட்தான் கந்தக மூலம். மறுபங்கிலிருந்து உள்ளூரிலேயே செம்பு எடுத்தார்கள். எடுத்த விதம்தான் வில்லங்கம்.

விதம் இதுதான். திறந்தவெளியில் விறகை அடுக்கி, அதன்மேல் கல்லைக் குன்றுபோலக் குவித்துத் தீ வைப்பார்கள். விறகு எரிந்து முடிந்ததும் கல்லில் இருக்கும் கந்தகமே எரியத் தொடங்கும். மாதக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். இப்படி வறுத்த கல்லில் செம்பில் ஒரு பகுதி செம்புச் சல்பேட்டாக மாறியிருக்கும். நம்மூர் நாட்டு மருந்துக்கடையில் விற்கும் மயில்துத்தமேதான் அது. தண்ணீர் ஊற்றினால் கரைந்து வரும். அந்த நீலத் தண்ணீரைப் பழைய இரும்பு போட்ட நீளமான வாய்க்கால்களில் விட்டால் இரும்பு கரைந்து போய் அதன் இடத்தில் செம்பு படியும். பள்ளி ஆய்வகத்தில் மயில்துத்தக் கரைசலில் ஆணியைப் போட்டு வைத்தது நினைவிருக்கும். அதே சங்கதி, கிலோமீட்டர் கணக்கில்.

செலவு மிகக் குறைந்த முறை. கந்தகத்தில் பெரும்பகுதி காற்றுக்குப் போனது என்பது ஒன்றுதான் குறை. கந்தக டையாக்சைடு காற்றைவிடக் கனம். காற்றில்லாத நாள்களில் பள்ளத்தாக்கில் போர்வைபோல இறங்கி நிற்கும். பயிர் கருகியது, மரம் நின்றபடியே செத்தது, மனிதர்களுக்கு மூச்சு முட்டியது. 1888 பிப்ரவரி 4 அன்று விவசாயிகளும் சுரங்கத் தொழிலாளர்களும் ஒன்றுசேர்ந்து புகையை நிறுத்தச் சொல்லி ஊர்வலமாக வந்து ரியோ டின்டோ ஊர்ச் சதுக்கத்தில் கூடினார்கள். படை சுட்டது. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 13 பேர். ஊர்க்கணக்கு அதைவிடப் பல மடங்கு. அந்த ஆண்டையே அங்கே துப்பாக்கிச் சூட்டு ஆண்டு என்றுதான் சொல்கிறார்கள். அதன் பிறகும் அந்த வறுவல் முற்றிலும் நிற்க இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

இதைப் படிக்கும் தமிழருக்கு அடுத்த வாக்கியம் தானாகவே மனதில் ஓடியிருக்கும். 2018 மே மாதம் தூத்துக்குடியில் செம்பு உருக்காலையை எதிர்த்த போராட்டத்தில் காவல்துறை சுட்டு இறந்தவர்களும் 13 பேர். எண்கள் ஒத்துப்போவது தற்செயல். இரண்டு இடத்திலும் உலைக்குள் போனது செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரேவகைச் சரக்கு, இரண்டு இடத்திலும் மக்கள் முதலில் பேசியது புகையைப் பற்றி. இதில் தற்செயல் ஏதும் இல்லை.

தாமரை இலைத் தண்ணீர்

வறுக்காமலே, உருக்காமலே, கல்லில் வேண்டியதை மட்டும் முதலிலேயே பொறுக்கி எடுத்துவிட முடிந்தால்? அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது ஆஸ்திரேலியாவில், ப்ரோக்கன் ஹில் என்ற பாலைநிலச் சுரங்க ஊரில்.

அங்கே 1883-ல் கண்டுபிடித்த மலையில் மேல்கல் வெள்ளியும் ஈயமுமாக அள்ளிக் கொடுத்தது. பத்தே வருடத்தில் மேல்கல் தீர்ந்து கீழே சல்பைடு வந்தது: கலீனாவும் ஸ்பேலரைட்டும் பின்னிய கல். கலீனா கனமானது, ஆகவே இடித்துத் தண்ணீரில் அலசினால் அடியில் தங்கும், ஓரளவு எடுக்கலாம். ஸ்பேலரைட்டும் வெற்றுக்கல்லும் கிட்டத்தட்ட ஒரே எடை. அரிசியில் கல் அரிப்பது எளிது. நொய்யில் மணலை அரிப்பது எப்படி? துத்தநாகம் எல்லாம் கழிவோடு போய் லட்சக்கணக்கான டன் குன்றுகளாக நின்றது. சல்பைடு சிக்கல் என்றே அந்த ஊரில் இதற்குப் பெயர்.

சிக்கலை அவிழ்த்தவர்களில் ஒருவர் மெல்போர்னில் பீர் காய்ச்சுபவர், சார்லஸ் பாட்டர். இன்னொருவர் சுரங்கக் கம்பெனியின் பொது மேலாளர் கில்லாம் டெல்பிராட். டச்சுக்காரர், ஸ்பெயினில் இதே வெல்வா வட்டாரச் சுரங்கங்களில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். 1902 வாக்கில் இருவரும் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் கண்டார்கள். அரைத்த கழிவைச் சூடான மென்னமிலத்தில் போட்டால் குமிழிகள் கிளம்புகின்றன. அந்தக் குமிழிகள் சல்பைடுத் துகளை மட்டும் பற்றிக்கொண்டு மேலே தூக்கி வருகின்றன. கனமான உலோகக் கல் மிதக்கிறது, லேசான வெற்றுமணல் அடியில் கிடக்கிறது! யார் முதலில் என்று இருவரும் நீதிமன்றம் வரை போனார்கள். அது போகட்டும்.

ஏன் மிதக்கிறது? தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது, முத்தாக உருளும். எண்ணெய் தடவிய தோசைக்கல்லிலும் அப்படித்தான். தண்ணீரை வெறுக்கும் பரப்பு காற்றை விரும்பும். மணலோ தண்ணீரில் நனைந்து குளித்துக் கிடக்கும் ஜாதி. ஆகவே வேண்டிய கனிமத் துகளின் மேல்பரப்பை மட்டும் தாமரை இலையாக்கிவிட்டால், அடியிலிருந்து ஊதும் காற்றுக்குமிழியில் அது தொற்றிக்கொண்டு நுரையோடு மேலே வந்துவிடும். நுரையை வழித்து எடுத்துக்கொள்ளலாம். பள்ளிப்பாடத்தில் நுரை மிதப்பு முறை என்று இரண்டு பத்தியில் முடித்துவிடுகிறார்கள். சுரங்கத் தொழிலில் நூறு ஆண்டுகளில் நடந்த மிகப் பெரிய மாற்றம் இது என்று தாராளமாகச் சொல்லலாம். நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் செம்புக் கம்பியில் பெரும்பங்கு ஒருமுறையாவது நுரையாக மிதந்து வந்ததுதான்.

துகளைத் தாமரை இலையாக்கும் மருந்துக்குச் சேகரிப்பான் என்று பெயர். 1920-களில் வந்த சாந்தேட் உப்புகள் இன்றுவரை அந்த வேலையைச் செய்கின்றன. மூலக்கூறின் ஒரு முனையில் கந்தகம். அது கனிமத்தின் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். மறுமுனை எண்ணெய்ப் பசை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நுரை நிலைத்து நிற்க ஒரு எண்ணெய் வேண்டும். ப்ரோக்கன் ஹில்லில் யூகலிப்டஸ் எண்ணெயை ஊற்றினார்கள். நாம் சளிக்குத் தேய்க்கும் அதே தைலம்.

இதுவரை சொன்னது சல்பைடை மணலிலிருந்து பிரிப்பது. ஒரு சல்பைடிலிருந்து இன்னொரு சல்பைடைப் பிரிப்பதுதான் கலப்புத் தாதுவின் உண்மையான சோதனை. எல்லாமே கந்தகச் சாதி, எல்லாமே சாந்தேட்டைப் பிடிக்கும். 1912, 1913 வாக்கில் ப்ரோக்கன் ஹில்லிலேயே அதற்கும் வழி கண்டார்கள். முதலில் ஈயத்தை மட்டும் மிதக்கவிட்டு, துத்தநாகத்தைக் கீழேயே இருத்த வேண்டும். பிறகு தொட்டியில் மயில்துத்தம் போட வேண்டும். கரைசலில் உள்ள செம்பு, ஸ்பேலரைட்டின் மேல்பரப்பில் இருக்கும் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அங்கே உட்கார்ந்துகொள்ளும். உள்ளே துத்தநாகம்தான், மேலே செம்புச் சட்டை. சட்டையைப் பார்த்து ஏமாந்து சேகரிப்பான் வந்து ஒட்டிக்கொள்ளும், துத்தநாகம் மிதக்கும். அழகான தந்திரம். சுண்ணாம்பு போட்டுக் காரமாக்கினால் பைரைட் அடியிலேயே அடங்கிவிடும்.

செம்பும் சேர்ந்திருக்கும் கல்லில் இதே தந்திரம் நம்மையே திருப்பி அடிக்கிறது. தோண்டிய கல் ஈரத்திலும் காற்றிலும் கிடக்கும்போதே அதிலுள்ள செம்பு கொஞ்சம் கரைந்து, பக்கத்திலிருக்கும் துத்தநாகத் துகளுக்கெல்லாம் தானாகவே சட்டை மாட்டிவிட்டிருக்கும். செம்பை மிதக்கவிட்டால் துத்தநாகமும் கூடவே ஏறி வரும். அதைக் கழற்ற துத்தநாகச் சல்பேட், சோடியம் சல்பைட், சில ஆலைகளில் துளி சயனைடு. வழக்கமான வரிசை இப்படி: செம்பையும் ஈயத்தையும் முதலில் ஒன்றாக மிதக்கவிடுவது, அந்த இரண்டையும் தனித் தொட்டியில் பிரிப்பது, பிறகு துத்தநாகத்துக்குச் சட்டை போட்டு எழுப்புவது, பைரைட்டைக் கடைசிவரை அமுக்கி வைப்பது. சுரங்கத்தின் வேறு மூலையிலிருந்து வேறு கல் வந்தால் நேற்று வேலை செய்த அளவு இன்று செய்யாது. மிதப்பு ஆலையில் அனுபவமுள்ள ஆபரேட்டர் நுரையின் நிறத்தையும் குமிழியின் அளவையும் பார்த்தே மருந்தைக் கூட்டிக் குறைப்பார். இப்போது கேமராவும் கணினியும் பார்க்கின்றன. இருந்தாலும் கண் வைத்த ஆள் ஒருவர் வேண்டியிருக்கிறது.

இத்தனையும், ஒவ்வொரு துகளும் தனித்தனியாக இருந்தால்தான். அரைத்த பிறகும் ஒரே துகளுக்குள் செம்பும் துத்தநாகமும் ஒட்டிக்கொண்டிருந்தால் எந்த மருந்தும் பிரிக்காது. ஸ்பேலரைட்டுக்குள் நுண்புள்ளிகளாகச் சால்கோபைரைட் தெறித்துக் கிடப்பதுண்டு. கனிமவியலாளர்கள் அதற்குச் சால்கோபைரைட் நோய் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இன்னும் அரைத்தால் என்ன? மின்சாரம் ஏறும். தவிர, மிக நுண்ணிய மாவு குமிழியில் மோதாமல் தண்ணீரோடு விலகி ஓடிவிடும். ஆஸ்திரேலியாவின் மெக்ஆர்தர் ரிவர் ஈயத் துத்தநாகப் படிவைக் கண்டுபிடித்தது 1955-ல். சுரங்கம் திறந்தது 1995-ல். நாற்பது ஆண்டுகள் அந்தக் கல்லை அரைக்கத் தெரியாமல் காத்திருந்தார்கள். பெயின்ட், மை அரைக்கும் ஜெர்மன் எந்திரத்தைப் பெரிதாக்கி, மயிரிழையின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 7 மைக்ரான் அளவுக்கு அரைத்த பிறகுதான் அது வழிக்கு வந்தது. அப்போதும் ஈயத்தையும் துத்தநாகத்தையும் தனித்தனியாகப் பிரிக்காமல் ஒரே கலவையாகத்தான் விற்றார்கள்.

உலைக்குப் போன பிறகு

மிதந்து வந்த நுரையை வடித்து உலர்த்தினால் கரும்பச்சைப் பொடி. கான்சன்ட்ரேட் என்பார்கள் தொழிலில். கல்லில் ஒன்றுக்கும் கீழே இருந்த செம்பு இதில் 25 சதவீதத்தை ஒட்டி இருக்கும். தூத்துக்குடிக்குக் கப்பலில் வந்திறங்கியது இந்தப் பொடிதான்.

உருக்குவதைச் சுருக்கமாகவே சொல்லலாம். பொடியோடு மணல் சேர்த்து, ஆக்சிஜன் ஊதி உருக்கினால், கந்தகத்தில் ஒரு பங்கு வாயுவாகும், இரும்பில் பெரும்பங்கு மணலோடு சேர்ந்து கசடாக மிதக்கும். மீதிக் குழம்பைக் கன்வெர்ட்டரில் ஊற்றி மறுபடி காற்று ஊதினால் மிச்ச இரும்பும் கந்தகமும் போய்க் கொப்புளத் தாமிரம் கிடைக்கும். 98, 99 சதவீதம் சுத்தம். தகடாக வார்த்து மின்பகுப்புத் தொட்டியில் தொங்கவிட்டால் 99.99. தொட்டி அடியில் படியும் சேற்றில் தங்கம், வெள்ளி, செலினியம், டெலூரியம் எல்லாம் இருக்கும். உருக்காலைகளுக்கு அந்தச் சேறு சின்ன வருமானம் அல்ல.

உலைப்புகையை இப்போது பிடித்துக் கந்தக அமிலமாக்குகிறார்கள். சால்கோபைரைட்டில் செம்பும் கந்தகமும் எடையில் ஏறக்குறைய சமம். ஒரு டன் கந்தகம் மூன்று டன் அமிலமாகும். ஆகவே ஒரு டன் செம்பு செய்தால் சுமார் மூன்று டன் அமிலமும் செய்தாக வேண்டும். விருப்பம் இருக்கிறதா இல்லையா என்ற பேச்சில்லை. உருக்காலை என்பது உண்மையில் பக்கத்தில் செம்பும் செய்யும் அமில ஆலை என்று சொன்னால் தப்பில்லை. அமிலத்தை வாங்க உர ஆலை அருகே இருக்க வேண்டும், புகையைப் பிடிக்கும் எந்திரம் ஒருநாளும் தூங்கக் கூடாது. தூத்துக்குடி ஆலை மூடிய பிறகு, சுத்திகரித்த செம்பை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா இறக்குமதி செய்யும் நாடாகிவிட்டது. ஆலை வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கில் இரு தரப்பும் எண்களை வீசின. கண்காணிக்கும் துறை புகைபோக்கியின் அளவுகளை ஊர் பார்க்கும்படி ஒவ்வொரு மணிநேரமும் வைத்திருந்தால் பாதி வழக்கு எழுந்தே இருக்காது என்பது என் அபிப்பிராயம்.

செம்புப் பொடியில் துத்தநாகம் வந்துவிட்டால் உருக்காலை அதற்குப் பணம் தராது. கசடிலும் தூசியிலும் போய்விடும். அளவு மீறினால் அபராதமும் பிடிப்பார்கள். அதே துத்தநாகம் தன் குவியலில் இருந்தால் காசு. ஆர்செனிக் எங்கிருந்தாலும் அபராதம்தான். 0.5 சதவீதத்துக்கு மேல் ஆர்செனிக் இருக்கும் செம்புப் பொடியைச் சீனா உள்ளே விடுவதில்லை. மிதப்புத் தொட்டியில் அத்தனை மருந்து ஊற்றுவது ஏன் என்பது இந்த விலைப்பட்டியலைப் பார்த்தால் விளங்கும்.

மஞ்சள் மண் திரும்பி வருகிறது

துத்தநாகத்தின் பாதை தனி. செம்பையும் ஈயத்தையும்போலக் கரியோடு சேர்த்துச் சூடாக்கினால் அது உலோகமாகும். ஆகும்போதே 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிக் காற்றில் மறுபடி சாம்பலாகிவிடும். பழைய உலகம் முழுக்க இதனால் துத்தநாகத்தைக் கையில் பிடிக்க முடியாமல் தவித்தது. ராஜஸ்தானின் ஜாவரில் பிடித்தார்கள். கத்தரிக்காய் வடிவ மண்குடுவைகளைக் கழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்து அடுக்கி, மேலே நெருப்பு, கீழே குளிர்ந்த கலம். ஆவி கீழிறங்கிக் காற்றுப்படாமல் குளிர்ந்து சொட்டியது. ஐரோப்பா துத்தநாக ஆலை வைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அங்கே பட்டறை பட்டறையாக இது நடந்தது. பயன்படுத்தி எறிந்த குடுவைகள் இன்றும் ஜாவரில் குவியல் குவியலாகக் கிடக்கின்றன.

இப்போது பெரும்பாலும் ஸ்பேலரைட்டை வறுத்து, அமிலத்தில் கரைத்து, மின்சாரத்தால் துத்தநாகத்தைப் படியவைக்கிறார்கள். கரைக்கும்போது இரும்பும் கரைந்து வரும். இரும்பைச் சேறாக்கினால் கோந்துபோல வடிகட்டித் துணியை அடைத்துக்கொள்ளும். 1960-களில் நார்வேயிலும் ஆஸ்திரேலியாவிலும் ஸ்பெயினிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடை கிடைத்தது. சூடும் அமிலமும் சரியாக வைத்து சோடியமோ அம்மோனியமோ சேர்த்தால் இரும்பு மஞ்சள் படிகமாக இறங்கும், சுலபமாக வடியும். அந்த மஞ்சள் படிகம் ஜரோசைட்.

ரோமானியருக்குத் தாதுவாக இருந்தது இன்றைய துத்தநாக ஆலைக்குக் கழிவு. நம் ராஜஸ்தான் ஆலைகளிலும் இது மலைபோலச் சேர்ந்திருக்கிறது. ஈயமும் காட்மியமும் கொஞ்சம் கலந்திருப்பதால் வயலில் கொட்ட முடியாது. அடியில் விரிப்புப் போட்ட குளங்களில் காவல் காக்கிறார்கள். செவ்வாய்க் கிரகத்தில் 2004-ல் ஆப்பர்சூனிட்டி ஊர்தி கண்டதும் ஜரோசைட்தான். அதனால்தான் செவ்வாயை ஆராய்பவர்கள் ரியோ டின்டோ கரையில் முகாம் போடுகிறார்கள். புளித்த தண்ணீரில் மட்டுமே அது உருவாகும்.

அந்தப் புளித்த தண்ணீரில் மீன் இல்லை என்றேன். உயிரே இல்லை என்று சொல்லவில்லை. இரும்பையும் கந்தகத்தையும் தின்று வாழும் பாக்டீரியாக்கள் அதில் கோடிக்கணக்கில் உண்டு. அவை சல்பைடைத் தின்பதால்தான் ஆறு இவ்வளவு வேகமாகப் புளிக்கிறது. அவற்றையே வேலைக்கு அமர்த்தினார்கள். கல்லைக் குவித்து, மேலே அமிலநீர் தெளித்து, பாக்டீரியாவை வளரவிட்டால் செம்பு கரைந்து அடியில் வடியும், மின்சாரத்தால் படியவைக்கலாம். புகை இல்லை, உலை இல்லை. எளிய செம்புச் சல்பைடுகளில் இது நன்றாக நடக்கிறது. சால்கோபைரைட் மட்டும் முரண்டு பிடிக்கிறது. கொஞ்சம் கரைந்ததும் தன்மேல் ஒரு தோல் போர்த்திக்கொண்டு கரைய மறுக்கும். அந்தத் தோலைக் கிழிக்க எண்ணற்ற காப்புரிமைகள் வந்துவிட்டன. உலகின் செம்பில் பெரும்பங்கு இன்னும் உலை வழியாகத்தான் வருகிறது.

உலை வழியோ பாக்டீரியா வழியோ, பைரைட் மிஞ்சும். மிதப்புத் தொட்டியில் அமுக்கி வைத்தோமே, அதே பைரைட். மாவாக அரைத்த பைரைட் காற்றைத் தொட்டால் ரியோ டின்டோவாக மாறும். ஆகவே குளம் கட்டித் தண்ணீருக்கடியில் மூடி வைக்கிறார்கள். 1998 ஏப்ரல் 25 அன்று வெல்வாவுக்குக் கிழக்கே, இதே கனிமப் பட்டையில், அஸ்னல்கோயர் ஈயத் துத்தநாகச் சுரங்கத்தின் கழிவுக்குள அணை நள்ளிரவில் நகர்ந்து உடைந்தது. லட்சக்கணக்கான கன மீட்டர் கறுப்புச் சேறும் அமிலநீரும் குவாதியாமர் ஆற்றில் இறங்கி, தோன்யானா சதுப்புநிலத்தின் வாசல்வரை போயின. பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் வயலும் கரையும் பாழ். மேல்மண்ணைச் சுரண்டி லாரி லாரியாக எடுத்துப்போய்ப் பழைய சுரங்கக் குழிகளிலேயே கொட்டினார்கள்.

ரியோ டின்டோ சுரங்கம் 2001-ல் மூடி 2015-ல் மறுபடி திறந்தது. இப்போது தோண்டும் கல்லில் டன்னுக்கு நான்கு கிலோ செம்பு. ஒரு டன் கல்லை அரைத்து மிதக்கவிட்டால் இருபது கிலோவுக்கும் குறைவான பொடிதான் ஆலையை விட்டு வெளியே போகிறது. மற்றது முழுவதும் அந்த மலையிலேயே, அணைக்குப் பின்னால்.